செல் வாழவே தேவைப்படும் செக்-ஏ ஜீனை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நுண்ணுயிர்_மாணவி:
எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். அடுத்த வாரம் என் செமினார், இ. கோலை பாக்டீரியாவில் புரதங்களைச் சவ்வு தாண்டி அனுப்பும் ‘செக்’ ஜீன்கள் பற்றி. செக்-ஏ இல்லாவிட்டால் செல் செத்துவிடும் என்று படித்தேன். ஒரு ஜீனைக் கெடுத்துப் பார்த்துத்தானே அதன் வேலையைக் கண்டுபிடிப்பார்கள்? இதைக் கெடுத்தால் காலனியே வராதே!

பெரிபிளாசம்:
முழுசாகக் கெட்டதைத் தேடவில்லை அம்மா, அரைகுறையாகக் கெட்டதைத் தேடினார்கள். தேடிய விதம் அவ்வளவு அழகு, வருடா வருடம் வகுப்பில் சொல்லியும் எனக்கு அலுக்கவில்லை.

ஹார்வர்டில் ஜான் பெக்வித் குழு செய்த வேலை இது. மால்டோஸ் சர்க்கரையைப் பிடிக்கும் புரதம் (அதன் ஜீன் மால்-ஈ) பெரிபிளாசத்துக்கு, அதாவது உள், வெளிச் சவ்வுகளுக்கு நடுவிலுள்ள இடத்துக்குப் போக வேண்டியது. அதன் முனையில் 26 அமினோ அமிலம் கொண்ட சிக்னல் வரிசை இருக்கிறது, ‘வெளியே அனுப்பு’ என்று சொல்லும் முகவரி மாதிரி. அந்த மால்-ஈ ஜீனின் முன்பகுதியை லாக்-இசட் ஜீனோடு ஒட்டினார்கள். லாக்-இசட் தருவது பீட்டா கேலக்டோசிடேஸ், செல்லுக்குள் லாக்டோஸை உடைக்கும் நொதி. ஒட்டுப்புரதமோ வெளியே போகப் பார்த்துச் சவ்வில் மாட்டிக்கொள்ளும். நொதி இயங்காது, லாக்டோஸ் மட்டும் உள்ள தட்டில் செல் வளராது.

அப்படியும் அந்தத் தட்டில் வளர்வது எது? ஏற்றுமதி மந்தமாகிப்போன செல். நொதி உள்ளேயே தங்கிவிடுகிறது, லாக்டோஸ் உடைகிறது. அதாவது குறை இருப்பதுதான் பிழைக்கும்! 1981-ல் ஆலிவரும் பெக்வித்தும் செக்-ஏ-வைப் பிடித்தது இப்படித்தான். அந்தப் பிறழ்வு (ஜீன் மாற்றம்) உள்ள செல் 30 டிகிரியில் வளரும், 42-ல் சாகும். செக்-பி-யும் 1983-ல் இதே வழியில் வந்தது.

ஜெல்_ராணி:
எதிர்த்திசையிலும் போனார்கள். எம்ர், சில்ஹவி குழு லாம்-பி என்ற வெளிச்சவ்வுப் புரதத்தின் சிக்னல் வரிசை கெட்ட செல்லை எடுத்து, அந்தக் கெட்ட சிக்னலையும் ஏற்றுக்கொண்டு அனுப்பும் பிறழ்வைத் தேடியது. கிடைத்தது பிஆர்எல்-ஏ. அதுவும் செக்-ஒய் என்ற இன்னொரு செக் ஜீனும் ஒன்றே என்று அப்புறம் தெரிந்தது. ரைபோசோம் புரத ஜீன்களோடு ஒரே ஓபரானில் (சேர்ந்தே இயங்கும் ஜீன் தொகுப்பில்) இருக்கிறது.

அப்புறம் சோடியம் அசைடு, பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் உப்பு. அதைத் தாங்கும் இ. கோலை பிறழ்வுகள் பல காலமாகக் கையில் இருந்தன. அவை செக்-ஏ-வில்தான் என்று 1990-ல் காட்டினார்கள். செய்து பார்க்க நினைத்தால் கைடு இல்லாமல் தொடாதீர்கள், கடும் விஷம். கழிவை உலோகக் குழாய் உள்ள சிங்க்கில் ஊற்றவே கூடாது. வெடிக்கும் உப்பு உண்டாகும்.

நுண்ணுயிர்_மாணவி:
நன்றி சார், நன்றி அக்கா. ஒரு சந்தேகம்: மால்-ஈ-யின் சிக்னல் வரிசை கெட்டிருந்தாலும் லாக்டோஸில் வளருமே. எப்படிப் பிரித்தார்கள்?

பெரிபிளாசம்:
சரியாகப் பிடித்தீர்கள். சிக்னல் கெட்டால் அந்த ஒரு புரதம்தான் தேங்கும், செல் சாகாது. அதனால் லாக்டோஸில் வளர்ந்தவற்றில் 42-ல் சாகிறவற்றைத் தனியே எடுத்தார்கள். அவற்றைச் சூடாக்கியபோது வெளியே போக வேண்டிய மற்றப் புரதங்களும் சிக்னல் வெட்டப்படாமல் உள்ளே குவிந்தன. புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், சிக்னல் வெட்டப்படாத முன்வடிவம், வெட்டப்பட்ட முதிர்ந்த புரதத்துக்குச் சற்று மேலே நிற்கும். அந்தப் படத்தை செமினாரில் கட்டாயம் போடுங்கள்.