கை நடுக்கத்துக்கு முன்னாடியே மலச்சிக்கல்: உங்க வீட்டில் எப்படி?

மஸ்கெலியா மகள்:
பார்க்கின்சன்ங்கிற மூளை நரம்பு நோய் வந்தவங்களைப் பார்த்துக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கணும். கை நடுங்கத் தொடங்குறதுக்குப் பல வருஷம் முன்னாடியே அவங்களுக்கு மலச்சிக்கல் இருந்துச்சா?

அப்பா தோட்டத்துல கவ்வாத்து வெட்டினவர். வேலையை விட்டு ஈபிஎப் (சேமலாப நிதி) காசு எடுக்கிறதுக்கு முந்தியே மூணு நாலு நாளைக்கு ஒருக்காதான் வெளிக்குப் போவார். டிஸ்பென்சரி மாத்திரை, வாழைப்பழம், வெறும் வயித்துல சுடுதண்ணி எல்லாம் பார்த்தாச்சு. அப்புறம் மூக்கு. அடுப்புல கருவாடு கருகிப் புகை எழும்புது, பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு வாசமே தெரியல. ராத்திரியில தூக்கத்துலயே யாரையோ அதட்டிக் கையை வீசுவார். அம்மா பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தாங்க. வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுற மாதிரி ஆட ஆரம்பிச்சது இதுக்கெல்லாம் ரொம்பப் பிந்தித்தான்.

கண்டி கிளினிக்ல டாக்டர் கையைப் பார்த்துட்டு, அடுத்ததா வயிறு எப்படின்னு கேட்டார். எப்பயிருந்துன்னும் கேட்டார். அதனாலதான் இங்கே எழுதுறேன்.

தேயிலைப்பூ:
அக்கா, நான் வார்டுல வேலை செய்றவள். உங்க டாக்டர் கேட்டது சரியான கேள்வி. 1817இல் இந்த நோயை விவரிச்சு எழுதின ஜேம்ஸ் பார்க்கின்சனே மலச்சிக்கலைக் குறிப்பிட்டிருக்கார். ஆனா ஆராய்ச்சி அந்தப் பக்கம் தீவிரமாத் திரும்பினது 2003இல் ஹைகோ பிராக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி சொன்ன பிறகுதான். ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம் முதல்ல குடல் நரம்புகளிலும் மூக்கு நரம்பிலும் கட்டிப்பட்டு, வயித்தையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பு வழியா மூளைத் தண்டுக்கு ஏறலாம் என்பது அவர் கருத்து. 2019இல் எலிகளின் குடல்ல அந்தப் புரதத்தை ஊசியா ஏத்திப் பார்த்தாங்க, மூளை வரைக்கும் போச்சு. வேகஸ் நரம்பை வெட்டின எலிகளுக்குப் போகல. எல்லா நோயாளிக்கும் குடல்லதான் தொடங்குதுன்னு இல்ல, மூளையிலேயே தொடங்குறவங்களும் இருக்கலாம்னு சொல்றாங்க.

ஹொனலுலுவில் 6,790 ஆண்களைப் பல வருஷம் கவனிச்ச ஆய்வு 2001இல் வந்துச்சு. தினம் ஒரு தடவை போறவங்களைவிட, அதுக்கும் குறைவாப் போனவங்களுக்குப் பார்க்கின்சன் வந்தது 2.7 மடங்கு. இதைப் படிச்சுட்டு யாரும் பயந்துறாதீங்க. மலச்சிக்கல் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த நோய் வர்றதே இல்ல. நம்ம பக்கம் கொழுந்து மலையில கக்கூஸ் இல்லாததால பொம்பளைங்க நாள் முழுக்க அடக்கிக்கிட்டு, தண்ணியும் குடிக்காம நிக்கிறாங்க. அவங்க மலச்சிக்கலுக்குக் காரணம் அந்த மலையிலயே இருக்கு. எனக்கு அதுதான் ஆத்திரம். மலச்சிக்கலோட வாசமும் தெரியாம, தூக்கத்துல கை கால் வீசுறதும் சேர்ந்தா டாக்டர்கிட்ட சொல்லணும். குடல்ல சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கிறது இன்னும் ஆராய்ச்சி அளவுலதான் இருக்கு, கிளினிக்ல கேட்டு நிக்காதீங்க.

ஊவாக்காரன்:
எங்க அம்மாவுக்கும் இதே வரிசைதான். நான் சொல்ல வந்தது மாத்திரை பத்தி. பார்க்கின்சனுக்குக் குடுக்கிற லெவோடோபா மாத்திரை சிறுகுடல்லதான் உடம்புல சேருது. வயிறு மந்தமா இருந்த நாள்ல மாத்திரை போட்டும் அம்மாவால எழும்பி நடக்க முடியாது. வயித்தைச் சரியாக்கினதும் அதே மாத்திரை நல்லா வேலை செஞ்சது. பருப்பும் நெத்தலியும் கூடச் சேர்த்துச் சாப்பிட்டாலும் மருந்து தாமதமாகுது, புரதம் அதோட போட்டி போடுதாம். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னாடி குடிக்கச் சொல்லி டாக்டர் நேரத்தை மாத்தினார்.

மஸ்கெலியா மகள்:
தம்பி, அப்பா மாத்திரையைச் சோத்தோடதான் குடிக்கிறார். இப்பவே கிளினிக் புத்தகத்துல எழுதிட்டேன், அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேட்கிறேன். தங்கச்சி, தூக்கத்துல வீசுறதையும் எழுதணுமா?

தேயிலைப்பூ:
எழுதுங்க அக்கா. எந்த வருஷம் தொடங்கினதுன்னு அம்மாகிட்டக் கேட்டு அதையும் எழுதுங்க.