மரத்தில் வாழும் ஒட்டகப் பாச்சை: அடையாளம் காண உதவி தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை இரவு, சிங்கப்பூரின் புக்கிட் தீமா அருகே பழைய ரயில் பாதையோரம் நடந்தபோது, மழையில் நனைந்த மரத்தண்டில் என் நெஞ்சு உயரத்தில் ஒட்டகப் பாச்சை (camel cricket) போன்ற ஒரு பூச்சியைக் கண்டேன். முதுகு வளைந்து கூன்போல் எழும்பியிருந்தது, இறக்கை இல்லை, உடலைவிடப் பலமடங்கு நீண்ட உணர்கொம்புகள் மரப்பட்டையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தன. டார்ச் ஒளி பட்டதும் ஒரே தாவலில் மறைந்துவிட்டது.

ஒட்டகப் பாச்சைகள் என்றாலே குகையும் ஈரத்தரையும்தான் நினைவுக்கு வரும். கலிஃபோர்னியாவில் வாழும் காமரோடெட்டிக்ஸ் என்ற பேரினம் மரங்களில் வாழ்வது என்று படித்திருந்ததால், நம் வட்டாரத்திலும் அப்படி மரமேறும் இனம் உண்டா என்று அறிய மிகவும் விரும்புகிறேன். தென்கிழக்காசியாவில் உள்ள ராஃபிடோஃபோரா பேரினமாக இருக்குமோ என எண்ணித் தேடினால், மரத்தில் பற்றிப் படரும் அதே பெயர்கொண்ட செடிகளின் படங்களே வந்து குவிகின்றன.

இளம்பூச்சியையும் முதிர்ந்ததையும் எப்படிப் பிரித்தறிவது, எந்த உறுப்பைப் படமெடுத்தால் பேரினம் தெளிவாகும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். பாச்சை வகைகளைச் சுட்டும் சிள்வண்டு என்ற பெயர் ஒலியிலிருந்து பிறந்தது. இறக்கையின்றி, இறக்கை உரசிப் பாடவே இயலாத இந்தப் பூச்சிக்கு அது பொருந்தாது. உங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு வேறு பெயர் வழங்கினால் அவசியம் எழுதுங்கள்.