மறு: டிராக் – தமிழ்ச்சொல் வேண்டும் (முதற்குடி நிகழ்த்துகலைக் கட்டுரைக்காக)

அனைவருக்கும் வணக்கம். டிராக் என்பது ஆண், பெண் தோற்றங்களை மிகையான உடையோடும் ஒப்பனையோடும் மேடையில் ஆடிக்காட்டும் கலை. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் பேச்சு.

> "பெண்வேடக் கலை" போதுமே. கூத்திலும் ஸ்பெஷல் நாடகத்திலும் ஆண்கள் பெண்வேடம் கட்டுவது நமக்குப் பழக்கம்தானே.

பழக்கம்தான். ஆனால் ஸ்திரீபார்ட் போடுபவர் திரௌபதியாகவோ வள்ளியாகவோ வருகிறார், பாத்திரம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. டிராக்கில் கலைஞர் பெரும்பாலும் தனக்கென்று ஓர் ஆளையே உண்டாக்கிப் பேரும் வைக்கிறார். கிண்டல் அந்தப் பேரிலேயே தொடங்கிவிடும். சான் பிரான்சிஸ்கோவில் ஆடும், அமெரிக்கப் பூர்வகுடியான சிக்கசா இனக் கலைஞர் ஒருவரின் மேடைப்பெயர் லாண்டா லேக்ஸ். லாண்ட் ஓ லேக்ஸ் என்பது அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த வெண்ணெய். தலையில் இறகு சூடி, வெண்ணெயைக் கையில் ஏந்தியபடி மண்டியிட்டிருக்கும் பூர்வகுடிப் பெண்ணின் படம் அதன் பெட்டியில் பல்லாண்டுகளாக இருந்தது. 2020இல்தான் எடுத்தார்கள். ஊரார் வரைந்து விற்ற அந்தப் பெண்ணை, பூர்வகுடியில் பிறந்த ஒருவர் தன் மேடைக்கு இழுத்துக்கொண்டு வருகிறார். இதைப் "பெண்வேடம்" என்றால் சங்கதியில் முக்கால்வாசி போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. "பெண்வேடம்" என்றதுமே உள்ளே ஓர் ஆண் இருப்பதாக ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரில் 2017இல் முதற்குடி டிராக் கலைஞர்களுக்கென்றே மிஸ் ஃபர்ஸ்ட் நேஷன் போட்டி நடந்தது. அங்கே பக்கத்துத் திவித் தீவுகளில் சிஸ்டர்கேர்ள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் மேடையை விட்டு இறங்கினாலும் பெண்களாகவே வாழ்பவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் மேடையேறினால் அதை எந்தக் கணக்கில் "வேடம்" என்போம்? ஆண்கோலம் பூணும் பெண்களையும் அந்தச் சொல் வெளியே நிறுத்திவிடும்.

> சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் காமனின் "பேடு" இருக்கிறதே. அதை மீட்டெடுக்கலாம்.

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம். இன்று "பேடி" வசைச்சொல். வட அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களுக்கும் இதே பாடு. ஐரோப்பியர் அவர்கள்மீது ஒட்டிய "பெர்டாஷ்" என்ற பெயருக்கு வைப்பாக வைத்திருக்கும் பையன் என்ற வாடை உண்டு. அதைத் தூக்கி எறியத்தான் 1990இல் கனடாவின் வின்னிபெக் அருகே கூடியவர்கள் தங்களைக் குறிக்க "டூ ஸ்பிரிட்" என்ற சொல்லை ஏற்றார்கள். அவர்கள் ஒரு வசையிலிருந்து வெளியே வந்த கதையை நாம் இன்னொரு வசையால் எழுதினால் நன்றாகவா இருக்கும்?

டூ ஸ்பிரிட்டை மொழிபெயர்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. "ஈருயிர்" என்று எழுதினால் ஊர்ப்பக்கம் பிள்ளைத்தாய்ச்சி என்று படிப்பார்கள். "ஈராவி" பேய்க்கதை. அதோடு நவஹோக்களுக்கு நாட்லீ, லகோட்டாக்களுக்கு விங்க்டே, சூனிகளுக்கு லாமனா என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. பொருளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது. அப்படியே ஒலிபெயர்த்து ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

சரி, என் முன்மொழிவு: டிராக் = கோலக்கூத்து. ஆடுபவர் கோலக்கூத்தர், ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லாத "அர்" விகுதி வசதியானது. பெண்கோலத்தில் ஆடும் டிராக் குயின் கோலராணி, ஆண்கோலத்தில் ஆடும் டிராக் கிங் கோலராஜா. மணக்கோலம், தவக்கோலம் என்று நாளும் சொல்கிறோம். கோலம் என்றால் தோற்றம், அதற்குள் யார் என்று அது கேட்பதில்லை. கூத்தில் ஆட்டம், பாட்டு, கதை மூன்றும் அடங்கும். "என்னய்யா கூத்து இது" என்கிறோமே, அந்தக் குறும்பும் சேர்ந்தே வரும்.

அப்புறம், "பழங்குடி" வேண்டாம், "முதற்குடி" என்போம். பழங்குடி என்றதும் சாதிச் சான்றிதழும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும்தான் நினைவுக்கு வருகின்றன.

சொல் தாங்குகிறதா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"கனடா 1885 முதல் 1951 வரை, மேற்குக் கடற்கரை முதற்குடிகள் ஆடிப்பாடிப் பரிசு வழங்கும் பாட்லாட்ச் விழாவைச் சட்டம் போட்டுத் தடுத்தது. முகமூடிகளைப் பறித்தது, ஆடியவர்களைச் சிறைக்கு அனுப்பியது. கனடாவின் கிரீ முதற்குடி ஓவியர் கென்ட் மோங்க்மன் தனக்கென்று உண்டாக்கிய கோலராணியான மிஸ் சீஃப் ஈகிள் டெஸ்டிக்கிளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2019இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக வாயில் மண்டபத்தில் வைத்த பெரிய ஓவியம் ஒன்றில், ஜார்ஜ் வாஷிங்டன் ஆற்றைக் கடக்கும் புகழ்பெற்ற படத்தில் அவர் நின்ற இடத்தில் இவள் குதியுயர்ந்த செருப்போடு படகில் நிற்கிறாள். குடியேறியவர்கள் வரைந்த வரலாற்றைக் கோலக்கூத்தர் திருப்பி வரைகிறார்."

எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?

-----

மறு: மறு:

> டிராக் = கோலக்கூத்து

வாசலில் மாவு போடும் கோலம்தானே முதலில் தோன்றும்? இலங்கையில் சிங்களவரின் முகமூடி நாடகத்துக்கும் கோலம் என்றே பெயர். அங்குள்ள வாசகர்கள் குழம்ப மாட்டார்களா? நான் முன்பு சொன்ன "பாற்கோலம்" (ஆண்பால், பெண்பால் என்கிற பால்) இன்னும் தெளிவு.

-----

மறு: மறு: மறு:

பாற்கோலத்தைப் பார்த்ததும் என் வீட்டில் "பாலை ஊற்றியா போடுவார்கள், எறும்பு வராதா" என்று கேட்டார்கள். அதை விட்டுவிடலாம் ஐயா.

மாவுக்கோலக் குழப்பம் தனிச்சொல்லில்தான் வரும். கூத்தோடு ஒட்டினால் வராது. இலங்கை பற்றிச் சொன்னது நியாயம். அந்த நாடகத்தைப் பற்றி எழுதும்போது "சிங்களக் கோலம்" என்று அடைகொடுத்துவிடலாம். வினையாக "கோலம் கட்டு" இருக்கட்டும், வட கேரளத்தின் தெய்வ ஆட்டமான தெய்யத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். "டார்வினில் கோலம் கட்டினார்" என்றால் புரிகிறது. "டிராக் செய்தார்" என்பதை இனி எழுத வேண்டியதில்லை.

மறுப்பு இருப்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் "கோலக்கூத்து எனும் டிராக்" என்று போட்டுவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லையே கையாளுகிறேன்.