கீழே கிடக்கும் முராய்க் குஞ்சு: எடுக்கலாமா, விடலாமா?

தோட்டத்துப் பையன்
மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) இப்போது இதுதான் பேச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் ஒரு முராய்க் குஞ்சை (பாடும் பறவை, குண்டுக்கரிச்சான்) பிடித்து சப்பாத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் இறகு, வால் மட்டும் குட்டை. தத்துகிறது, பறக்கவில்லை. அம்மா சோற்றுப் பருக்கை ஊட்டச் சொல்கிறார். கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது, இனி நாம்தான் வளர்க்கணும் என்கிறார் பாட்டி. என்ன செய்வது?

மலைப்பாதை
தம்பி, வால் குட்டை, இறகு முளைத்தாயிற்று, தத்துகிறது என்றால் அது விழுந்த குஞ்சு இல்லை, தானே இறங்கிய குஞ்சு. முராய், மைனா, கொண்டைக்குருவி எல்லாம் சரியாகப் பறக்க வருவதற்கு முன்பே கூட்டை விட்டுவிடும். சில நாள் தரையிலும் புதரிலும் திரியும். தாயும் தகப்பனும் அங்கேயே வந்து இரை கொடுக்கும். எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு செடிக்குள் வைத்துவிட்டு எல்லாரும் உள்ளே போங்கள். ஆள் நின்றால் தாய் வராது. கை பட்டதற்காக எந்தத் தாயும் குஞ்சை ஒதுக்காது.

சோறு வேண்டாம், முராய் தன் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் புழுவும். வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னால், அதன் அடிப்பகுதியிலேயே இருக்கிறது, நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆயர் ஈத்தாம் அக்கா
‘விட்டுவிடுங்கள்’ என்று எழுதுவது சுலபம். எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு பூனை. தரையில் தத்துகிற குஞ்சு பொழுது சாயும்வரை இருக்காது. கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்த என்னால் முடியாது. நான் மைனாக் குஞ்சுகளை வளர்த்து விட்டிருக்கிறேன், நன்றாகத்தான் பறந்தன.

மலைப்பாதை
பறந்தன, சரி. ஆளைக் கண்டால் ஒதுங்கினவா, தோளில் வந்து உட்கார்ந்தனவா? மனிதனுக்குப் பழகிய மைனா அடுத்த தாமானில் (குடியிருப்பில்) கல்லெறிகிற பையன் தோளிலும் போய் உட்காரும்.

ஆயர் ஈத்தாம் அக்கா
உட்கார்ந்தது. ஆனால் உயிரோடு உட்கார்ந்தது.

பழைய லோரிக்காரர்
இரண்டு பேரும் எல்லாப் பறவைக்கும் ஒரே சட்டம் போடுகிறீர்கள். செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் எலி தின்னட்டும் என்று உயரமான கழியில் பெட்டி கட்டிக் கூகை ஆந்தை வளர்ப்பார்கள். ஆரம்பத்தில் எங்கள் ஆட்கள் அது கத்தினால் சாவு வரும் என்று மண்டோரிடமே (மேஸ்திரியிடமே) போய் முறையிட்டார்கள், அது தனிக் கதை. அந்தக் கூகைக் குஞ்சு பெட்டியிலிருந்து விழுந்தால் தாய் பெரும்பாலும் கீழே வந்து ஊட்டாது. நாம்தான் ஏணி வைத்துத் திரும்ப உள்ளே போடணும். மலைப்பாதை அண்ணன் சொல்படி செடிக்குள் வைத்தால் பட்டினியில் செத்துவிடும்.

குயில் வேறு மாதிரி. இங்கே அது காக்கைக் கூட்டில் முட்டையிடும். வளர்ந்த குயில் குஞ்சைச் சுற்றிக் காக்கை நின்றால், கொத்துகிறது என்று நினைத்துக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அது ஊட்ட வந்த காக்கை! அந்தக் காக்கையும் இந்த ஊர்ப் பறவை இல்லை, 1890-களில் காபித் தோட்டத்துப் புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தது. நம் தாத்தாக்கள் மாதிரி அதுவும் தோட்ட வேலைக்கு வந்ததுதான்.

மலைப்பாதை
கூகை விஷயம் ஒத்துக்கொள்கிறேன். இறகே இல்லாத குஞ்சு விழுந்தாலும் சும்மா விடக்கூடாது, கூட்டிலேயே திரும்ப வைக்கணும். கூடு பிய்ந்திருந்தால் தேங்காய்ச் சிரட்டையில் அடியில் ஓட்டை போட்டு, பழைய கூட்டுப் புல்லைப் பரப்பி, அதே கிளையில் மழை படாமல் கட்டுங்கள். சில்லிட்டுக் கிடந்தால் முதலில் உள்ளங்கைச் சூடு, இரை அப்புறம். புறாக் குஞ்சு வாயைத் திறக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். அது தாய் வாய்க்குள் தன் அலகை விட்டுத்தான் குடிக்கும். நாம் குச்சியால் ஊட்டினால் அதற்குப் புரியாது.

தோட்டத்துப் பையன்
இன்னொரு சிக்கல். பிள்ளைகளின் அப்பா குஞ்சைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். ஆண் முராயாம், வளர்ந்தால் நன்றாகப் பாடுமாம். கூண்டுகூட வாங்கிவிட்டார்.

மலைப்பாதை
அப்படியென்றால் இது உதவியே இல்லை. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள பறவையை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், அவரைப் பெர்ஹிலித்தானில் (வனவிலங்கு இலாகாவில்) கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் முன்பு எங்கும் கேட்ட முராய்க் குரல், கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்ததும் ஒரு காரணமாக 1980-களுக்குள் அருகிப்போனது.

ஆயர் ஈத்தாம் அக்கா
கூண்டுக்கு நானும் எதிரிதான், என்னை அவரோடு சேர்க்காதீர்கள். சரி, வெளியே விடுங்கள். ஆனால் பூனை வீட்டில் போய்ப் பேசப்போவது யார்? குஞ்சு பறக்கும்வரை பூனையை உள்ளே போடச் சொல்லணும். அதைச் சொல்லாமல் செடிக்குள் வைப்பது பூனைக்குச் சாப்பாடு வைப்பதுதான். பாடம் நடத்துகிறவர்கள் அந்த வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு வரட்டும்.

தோட்டத்துப் பையன்
தட்டியாயிற்று அக்கா. கூண்டுக்காரரும் சட்டம் என்றதும் இறங்கி வந்துவிட்டார், குஞ்சு இப்போது வேலியோரச் செம்பருத்திக்குள் கத்திக்கொண்டிருக்கிறது. பூனைக்காரர் இரண்டு பூனையை உள்ளே போட்டுவிட்டார். மூன்றாவது அவருடையது இல்லையாம், சோறு மட்டும்தான் போடுகிறாராம்.