கலைச்சொல்: கயாக்கில் வைக்கும் தூண்டில் கிரேட்டுக்குப் பெயர்

உதகையிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மீன்பிடி கயாக்கில், அதாவது துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகில், இருக்கைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அதில் காய்கறி கிரேட்டை வைத்து, மூலைகளில் பிவிசி குழாய் கட்டி, தூண்டில் ராடுகளை நிமிர்த்திச் செருகுகிறோம். இதன் செய்முறையைத் தமிழில் எழுதப்போனால் பொருளுக்கே பெயர் இல்லை. ‘தூண்டில் பெட்டி’ என்றால் முள்ளும் ஈயமும் போட்டுவைக்கிற சின்ன டப்பா என்றுதான் படும். என் முன்மொழிவு ‘தூணி’. அம்பறாத்தூணியில் அம்பு நிற்பதுபோல் இதில் ராடு நிற்கிறது. குழாய்க்குத் தூணி, முழுச் சாமானுக்குத் தூணிக்கூடை. என்ன சொல்கிறீர்கள்?

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, சொல் அழகுதான். ஆனால் பக்கத்திலேயே தோணி இருக்கிறதே! காற்றடிக்கும் நீர்ப்பரப்பில் ஒருவர் ‘தூணியைப் பிடி’ என்று கத்தினால் அடுத்தவர் காதில் தோணி என்றுதான் விழும். ‘பறி’யும் வேண்டாம், அது பிடித்த மீனைப் போடுவது, வழக்கில் உள்ள சொல்லை இடம் மாற்றக் கூடாது.

பெயர் எதுவானாலும் செய்முறையில் இவை வரட்டும். சந்தையில் கிடைக்கும் கிரேட் பெரும்பாலும் 540 × 360 மி.மீ.; வாங்கும் முன் பள்ளத்தை அளக்க வேண்டும். மெல்லிய பிடியுள்ள ராடுக்கு 40 மி.மீ. குழாய் போதும், தடித்த பிடிக்கு 50. நீளம் 30 செ.மீ. குழாயைக் கிரேட்டின் உள்மூலையில் நிறுத்தி, மேலே இரண்டு, கீழே இரண்டு கேபிள் டை (இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு, பெருக்கல் குறிபோல் குறுக்காக இழுத்துக் கட்டினால்தான் குழாய் சுழலாது. டை கறுப்பாகவே இருக்கட்டும். மலையில் வெயில் உறைக்காது, ஆனால் உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் கூடும். வெள்ளை டை வெளுத்து மொறுமொறுத்து ஒருநாள் பட்டென்று விட்டுவிடும். ராடு நழுவி இறங்காமல் இருக்க, குழாயின் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே துளையிட்டுக் குறுக்கே ஒரு போல்ட். அடியை மூடக் கூடாது, தண்ணீர் வடிய வேண்டும்.

குன்னூரிலிருந்து:

‘கம்புக்கூடை’ என்று யாரும் சொல்லிவிடுவதற்கு முன்பே மறுத்துவிடுகிறேன். அது தானியம் வைக்கிற கூடை ஆகிவிடும். ‘கோல்’ இருக்கிறதே? தூண்டிற்கோல் பழைய சொல், இன்றும் புரிகிற சொல். கோல் + கூடை. புணர்த்தி எழுதினால் கோற்கூடை; ஆனால் பேச்சில் அந்த ‘ற்’ ஒலி தேய்ந்து கோர்க்கிற கூடைபோல் ஆகும். ஆகவே ‘கோல்கூடை’ என்றே விடலாம். குழாய்க்குக் ‘கோல்குழல்’.

குழலின் வாயை அறுத்தபடியே விட்டால் பிசிர் பிடியின் நுரையைக் கிழிக்கும். வாயைச் சற்று விரித்தால் ராடும் தானாக இறங்கும். அடுப்புத் தீயில் காட்ட வேண்டாம். குழாய் கருகினால் வரும் புகை அமிலப் புகை. கொதிநீரே போதும். உதகையில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்தாலும் பிவிசி 80ஐ ஒட்டி இளகத் தொடங்கிவிடும். வாயை 5 செ.மீ. ஆழம் மூன்று நான்கு நிமிடம் முக்கி, எடுத்த கையோடு உருண்ட தோளுள்ள கண்ணாடிப் புட்டிமேல் அழுத்தி, அப்படியே பச்சைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். தாமதித்தால் பாதி விரிந்த நிலையில் இறுகிவிடும். பிறகு 15 மி.மீ. அகலம், 7 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பிளவு வெட்டினால் ரீலின் (நரம்பு சுற்றும் உருளையின்) கால் அதில் உட்கார்ந்து ராடு திரும்பாமல் நிற்கும்.

உதகையிலிருந்து:

தம்பி சொன்ன தோணிக் குழப்பம் நியாயம். தூணியை விட்டுவிடுகிறேன். கோல்கூடை, கோல்குழல் இரண்டும் வைத்துக்கொள்வோம். கிரேட்டுக்குப் புதுச்சொல் தேவையில்லை. கேரட் ஏற்றுகிறவர்கள் சொல்கிற பெயரே இருக்கட்டும்.

இன்னொன்று மிச்சம்: கூடையைக் கயாக்கோடு பிணைக்கிற கயிறு. இது ஆபத்து சார்ந்த சொல், ஆகவே தெளிவாக வேண்டும். பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரிலிருந்து ‘தளை’ எடுக்கலாம் என்று படுகிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

“கிரேட்டின் பிளாஸ்டிக் மிதக்கும், பிவிசி மூழ்கும். ஆகவே கயாக் கவிழ்ந்தால் கோல்குழல்களும் ஈயமும் சேர்ந்து கோல்கூடையைக் கீழே இழுக்கும். மூடி இறுக்கிய ஒரு லிட்டர் காலி எண்ணெய் டப்பா இரண்டை உள்ளே, மேல்விளிம்பை ஒட்டிக் கட்டுக. அவை ஏறத்தாழ இரண்டு கிலோவைத் தாங்கும். தளை ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம், நீண்டால் காலில் சுற்றும். தளையைக் கயாக்கின் வளையத்தில் மாட்டுக. இடுப்பில் ஒருபோதும் கட்டாதீர்கள். கனமான சாமானை அடியில் வைக்க, மேலே வைத்தால் கயாக் ஆடும். கரையோரம் தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே போகும் முன் ராடுகளை எடுத்துப் படுக்கவைக்க.”

‘தளை’ என்றதும் யாப்பிலக்கணம்தான் நினைவுக்கு வருகிறதா, கயிறு நினைவுக்கு வருகிறதா? குன்னூர், கோத்தகிரி இருவரும் சொல்லுங்கள். இல்லையென்றால் ‘பிணைகயிறு’ என்று மாற்றிவிடுகிறேன்.