டயாலிசிஸ்காரருக்கு சாளையும் (மத்தி மீன்) மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) ஆகுமா? பாஸ்பரஸ் 6.8

மார்த்தாண்டம்_பையன்:
அப்பாவுக்கு வாரம் 2 டயாலிசிஸ். இந்த மாசம் ரத்தத்துல பாஸ்பரஸ் கூடி 6.8, உடம்பெல்லாம் அரிப்பு. சாளைக்கறியும் மரச்சீனியும் இல்லாம சாப்பாடு இறங்காது. செவலமர் மாத்திரையைக் காலையில வெறும் வயித்துல குடுக்கிறோம். எதை நிறுத்தணும்?

கிட்னி_டயட்:
முதல்ல மாத்திரை நேரத்தை மாத்துங்க மக்கா. செவலமர் குடல்லயே நின்னு, சாப்பாட்டுல வர்ற பாஸ்பேட்டை (பாஸ்பரஸ் இருக்கிற வடிவம்) பிடிச்சு மலத்தோட வெளியேத்தும். வெறும் வயித்துல அதுக்குப் பிடிக்க என்ன இருக்கு? சாப்பிடும்போதே குடுங்க, பொடிக்காம முழுங்கணும். மீன் உள்ள வேளைக்குக் கூடுதலா வைக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க.

கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு 900 மி.கி. பாஸ்பரஸ் சாப்பிட்டா வாரம் 6300. அதுல 60% உடம்புல சேர்ந்தா சுமார் 3800. ஒரு டயாலிசிஸ் எடுக்கிறது ஏறக்குறைய 800, ரெண்டுக்கு 1600. மிச்சம் 2200-ஐ மாத்திரையும் பத்தியமும்தான் பார்க்கணும். ஒரு டயாலிசிஸ் தவறினா இன்னும் 800 கூடும்.

குளச்சல்_அக்கா:
மரச்சீனியில பாஸ்பரஸ் குறைவு, 100 கிராமுக்கு 30 மி.கி. கூட வராது. அதுல பயம் பொட்டாசியம்தான். சின்னதா நறுக்கி நிறைய வெள்ளத்துல வேகவச்சு, அந்த வெள்ளத்தை வடிச்சுக் கொட்டணும். அளவும் ஒரு கிண்ணத்தோட நிக்கட்டும்.

சாளையை முள்ளோட மென்னு தின்னா பாஸ்பரஸ் ஏறும், முள்ளுலதான் அது கூடுதல். பெரிய மீன் துண்டு ஒண்ணு, முள்ளெடுத்துக் குடுங்க. நெத்திலிக் கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பும் சேர்ந்து கெடுக்கும். மீனையே நிறுத்திட்டா புரதம் குறைஞ்சு ஆள் மெலிஞ்சிடுவார். முட்டை வெள்ளைக்கரு நல்லது, மஞ்சளை எடுத்துடுங்க. பால் சாயாவுக்குப் பதில் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ).

லேபிள்_பார்ப்பவன்:
ரெண்டு பேரும் பாக்கெட்டை விட்டுட்டீங்க. பயறு, தானியத்துல உள்ள பாஸ்பரஸ் பைட்டேட்ங்கிற, குடல் எளிதா பிரிக்க முடியாத வடிவத்துல இருக்கு, பாதிகூட உடம்புல சேராது. பாக்கெட்டுல சேர்க்கிற பாஸ்பேட் உப்போ 90%-க்கு மேல சேரும். சத்து அட்டவணையில பெரும்பாலும் தேட முடியாது. சேர்மானப் பட்டியல்ல ஐஎன்எஸ் (உணவுல சேர்க்கிற பொருளுக்கான எண்) 338, 339, 340, 341, 450, 451, 452 இருக்கான்னு பாருங்க. கருப்பு கோலாவுல 338, சீஸ் துண்டுல 339, உறைய வச்ச இறால்ல 451 வரும். கடப்புறத்துல அன்னன்னைக்கு வர்ற இறால்ல இந்தத் தொல்லை இல்லை.

மார்த்தாண்டம்_பையன்:
தினம் சாயங்காலம் ஒரு கோலா குடிப்பார். அதைக் கணக்குல எடுக்கவே இல்லை.

கிட்னி_டயட்:
அதை இன்னைக்கே நிறுத்துங்க. அடுத்த பரிசோதனைக்கு டயாலிசிஸ் தொடங்குறதுக்கு முந்தி ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. முடிஞ்ச உடனே எடுத்தா அளவு குறைஞ்சு காட்டும், அடுத்த சில மணி நேரத்துல திரும்ப ஏறும். ரத்தம் எடுத்த குழாயில ரத்த அணு உடைஞ்சா பாஸ்பரஸும் பொட்டாசியமும் பொய்யாக் கூடித் தெரியும். ரெண்டும் திடீர்னு சேர்ந்து ஏறினா திரும்ப எடுக்கச் சொல்லுங்க.