வருமானம் இல்லாத கல்லூரி மாணவிக்கு முதல் கிரெடிட் கார்டு: ஆட்-ஆன் போதுமா, எஃப்டி மேல் வாங்குவதா?

பேனாமுள் (கேள்வி)

வணக்கம். மகளுக்கு 19 வயது, பி.காம். இரண்டாம் வருடம். சம்பளம், பார்ட் டைம் வேலை எதுவும் கிடையாது. படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போது அவள் பேரில் ஒரு நல்ல கடன் வரலாறு இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ரிவார்டு பாயின்ட், ஏர்போர்ட் லவுஞ்ச் எல்லாம் வேண்டாம்.

இரண்டு வழி தெரிகிறது. என் கார்டிலேயே அவளுக்கு ஒரு ஆட்-ஆன் (என் கணக்கோடு சேர்ந்த கூடுதல் கார்டு) எடுப்பது, இல்லையென்றால் ஃபிக்சட் டெபாசிட்டை (எஃப்டி) அடமானமாக வைத்துக் கார்டு வாங்குவது. என் பேரில் ஏற்கெனவே ஒரு எஃப்டி இருக்கிறது, அதையே காட்டலாமா? எவ்வளவு தொகை போட்டால் போதும்? கார்டு கைக்கு வந்த பிறகு எங்கே சறுக்கும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பற்றுவரவு

சார், கடன் வரலாறுதான் நோக்கம்னா ஆட்-ஆனை நம்பாதீங்க. ஆட்-ஆன் கார்டுல அவங்க தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் பொறுப்பு முதன்மை அட்டைதாரரான உங்களுக்குத்தான். கணக்கும் உங்களுது, பில்லும் உங்க பேர்ல. நாளைக்கு உங்க மகள் தனியா ஒரு லோனுக்குப் போய் நிக்கும்போது, "இவங்க நாலு வருஷமா ஒழுங்கா கட்டியிருக்காங்க"ன்னு சொல்ல அவங்க பேர்ல ஒரு கணக்கு வேணும். அதுக்கு வழி எஃப்டி கார்டுதான். வருமானச் சான்று கேட்க மாட்டாங்க, டெபாசிட்தான் பிடிமானம்.

உங்க பேர்ல இருக்கிற எஃப்டி உதவாது. எஃப்டி யார் பேர்லயோ அவங்க பேர்லதான் கார்டு வரும். மகள் பேர்ல தனியா சேமிப்புக் கணக்கு, அதே வங்கியில அவங்க பேர்ல மட்டும் எஃப்டி. கூட்டுப் பேர்ல போட்டா பல வங்கிகள் ஏத்துக்கறதில்ல. நீங்க நாமினியா இருந்தா போதும்.

தொகை: லிமிட் (கார்டுல செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு) எஃப்டியில 75 முதல் 100 சதவீதம் வரைக்கும் வரும், வங்கிக்கு வங்கி மாறும். 25,000 போட்டா 20,000 பக்கம் லிமிட் கிடைக்கும். மாணவிக்கு இது தாராளம். பெரிய லிமிட் இருந்தா கிரெடிட் ஸ்கோர் (கடன் வரலாற்றுக்குப் போடுற மதிப்பெண்) ஏறும்னு ஒரு லட்சத்தை முடக்க வேண்டாம்.

எஃப்டி போடும்போது கவனிக்க வேண்டியது:

5 வருஷ வரிச்சேமிப்பு எஃப்டி போட்டுடாதீங்க. அதை அடமானம் வைக்க முடியாது. சேமிப்புக் கணக்கோட தானா சேர்ந்து பிரியுற ஸ்வீப் டெபாசிட்டையும் பொதுவா ஏத்துக்க மாட்டாங்க. சாதாரண எஃப்டி, ஆட்டோ ரினியூவல் போட்டது. கார்டு கொடுத்ததும் அந்த எஃப்டி மேல லீன் (அடமான உரிமை) குறிச்சிடுவாங்க. வட்டி வழக்கம்போல சேரும், ஆனா கார்டை மூடாம எஃப்டியை உடைக்க முடியாது. செமஸ்டர் ஃபீஸுக்குத் தேவைப்படுற பணத்தை இதுல போடாதீங்கன்னு சொல்றது இதனாலதான்.

விண்ணப்பத்துல தொழில் "மாணவர்"னே எழுதுங்க. "எஃப்டி இல்லாமலே வாங்கித் தர்றேன், வருமானம் மூணு லட்சம்னு போட்டுக்கலாம்"னு ஒரு ஏஜென்ட் சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க. பொய்த் தகவல்ல கையெழுத்து போடுறது உங்க மகள்தான். அந்த விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும், கார்டு கேட்டதுக்கான விசாரணைப் பதிவு அவங்க கடன் வரலாற்று ரிப்போர்ட்ல ஏறும். ஒரே மாசத்துல நாலு இடத்துல அப்ளை பண்றதும் அதே தப்பு.

"ஸ்டூடன்ட் கார்டு"ன்னு பேர் இருந்தாலே கிரெடிட் கார்டுன்னு நினைச்சிடாதீங்க. காசு போட்டுச் செலவழிக்கிற ப்ரீபெய்ட் கார்டும் அந்தப் பேர்ல வருது. அதுல கடனே இல்ல, அதனால கடன் வரலாறும் இல்ல.

---

நாள்காட்டி

மேலே சொன்னது சரி. கார்டு வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில், உறை வந்ததும் ஆக்டிவேட் செய்யுங்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் கார்டை மூடிவிடுவார்கள். பின் எண் போட்டதும் ஆப்பில் செட்டிங்ஸுக்குப் போங்கள். ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை, டேப் செய்து கட்டுவது ஆகிய மூன்றும் புதுக் கார்டில் அணைந்தே இருக்கும். ஆன்லைனை மட்டும் திறந்து, அதற்கு 3,000 அல்லது 4,000 என்று ஒரு வரம்பு போட்டால் போதும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறக்கவே வேண்டாம், தேவைப்படும் நாளில் திறந்து மூடிக்கொள்ளலாம்.

அடுத்து, பில்லைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பெரும்பாலான குழப்பம் இரண்டு தேதிகளில்தான். ஸ்டேட்மென்ட் தேதி என்பது கணக்கு முடிக்கும் நாள், டியூ டேட் என்பது பணம் கட்டக் கடைசி நாள். ஸ்டேட்மென்ட் 12-ஆம் தேதி, டியூ டேட் அடுத்த மாதம் 2-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். மே 18 அன்று 10,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார். ஜூன் 12 பில்லில் அது வரும். ஜூலை 2-க்குள் முழுதாகக் கட்டினால் 45 நாள் வட்டியே இல்லை.

அதே பில்லில் இன்னொரு வரி இருக்கும்: "மினிமம் அமவுன்ட் டியூ 500". அதை மட்டும் கட்டினால் லேட் ஃபீ வராது, அதனால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் வட்டியில்லாக் காலம் அப்போதே போய்விட்டது. ஜூலை 2-இலிருந்து அல்ல, பொருள் வாங்கிய மே 18-இலிருந்து வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் ஜூலை 12 பில்லில் வட்டி மட்டுமே 600-ஐத் தாண்டும், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 700-க்கு மேல் நிற்கும். கட்டியது 500, ஏறியது 700. இதோடு முடியவில்லை. பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் டீ, பஸ் டிக்கெட்டுக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி. இந்தக் கணக்கை ஒருமுறை அவரையே பேப்பரில் போடச் சொல்லுங்கள். நூறு அறிவுரையைவிட அது பலமாக நிற்கும்.

ஆகவே ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். அந்தப் படிவத்தில் "முழுத் தொகை", "குறைந்தபட்சத் தொகை" என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவதில் டிக் விழுந்திருந்தால் மாதாமாதம் சத்தமே இல்லாமல் மேலே சொன்னது நடக்கும். முழுத் தொகையா என்று இரண்டு முறை பாருங்கள். டியூ டேட்டுக்கு இரண்டு நாள் முன்பே கணக்கில் பணம் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து செலவுப் பணம் 5-ஆம் தேதி போகிறது, டியூ டேட் 2-ஆம் தேதி என்றால் பில்லிங் சுழற்சியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். குறைந்தது ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள அட்டைதாரருக்கு உரிமை உண்டு.

டியூ டேட்டிலிருந்து மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் லேட் ஃபீ போடலாம், தாமதக் கணக்கு என்று சிபில் போன்ற, கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனங்களுக்குச் சொல்லலாம். இது தவறிப்போனால் காப்பாற்ற இருக்கும் சலுகை, கூடுதல் தவணை அல்ல.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே கூடாது. கட்டணம் தனி, எடுத்த நாளிலிருந்தே வட்டி.

---

மூன்றாம்பெஞ்ச்

ஸ்கோர் பற்றி யாரும் சொல்லல, அதனால சேர்க்கிறேன்.

சிபில் ஸ்கோர் 300-லேருந்து 900 வரை. புதுசா தொடங்குறவங்களுக்கு முதல்ல ஸ்கோரே காட்டாது, வரலாறு இல்லன்னுதான் வரும். ஆறு மாசம் போல பதிவு சேர்ந்ததும் எண் வரும். அவசரப்பட்டு வாரா வாரம் பார்க்கத் தேவையில்ல. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் நாலுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு எடுத்தா வருஷம் முழுக்கக் கண்காணிச்ச மாதிரி.

20,000 லிமிட்ல 18,000 தேய்ச்சுட்டு முழுசா கட்டினாலும், பில்லுல 18,000 நின்னா அதுதான் ரிப்போர்ட்ல ஏறும். லிமிட்டுல 30 சதவீதத்துக்குள்ள, அதாவது 6,000-க்குள்ள பில் வர்றது நல்லது. ஒரு மாசம் பரீட்சை ஃபீஸ், புத்தகம்னு 15,000 ஆயிடுச்சா? ஸ்டேட்மென்ட் தேதிக்கு நாலு நாள் முன்னாடியே 10,000 கட்டிடுங்க. பில் 5,000-னு வரும்.

ரூபே கார்டுன்னா யுபிஐல இணைச்சு கடை கியூஆர் ஸ்கேன் பண்ணலாம், சின்னக் கடையிலயும் பயன்படும். ஆனா இருபது, முப்பதுன்னு ஸ்கேன் பண்றது மாசக் கடைசில எவ்வளவு ஆச்சுன்னே தெரியாது. முதல் மூணு மாசம் இணைக்காம, மொபைல் ரீசார்ஜும் பஸ் பாஸும் மட்டும் கார்டுல போகட்டும். வரலாறு உருவாக அதுவே போதும். செலவு பெருசா இருக்கணும்னு அவசியமே இல்ல.

வேலை கிடைச்சதும் சம்பளத்துல வேற கார்டு வந்தா இதை உடனே மூட வேண்டாம். பழைய கணக்குதான் வரலாற்றோட வயசைத் தாங்குது. ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டா பார்த்து முதல்லயே வாங்கச் சொல்றது இதுக்குத்தான். அப்புறம் சும்மாவும் போட்டுடாதீங்க, ஒரு வருஷத்துக்கு மேல பயன்படுத்தலன்னா தகவல் சொல்லிட்டு அவங்களே மூடலாம்.

---

பேனாமுள்

மூவருக்கும் நன்றி. எஃப்டி வழியிலேயே போகிறோம். ஒரு சிக்கல்: மகளின் ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருக்கிறது. பான் கார்டில் என் பெயர் முழுதாக, பின்னால் வந்திருக்கிறது. அந்த பான் 16 வயதில் எடுத்தது. இப்படியே விண்ணப்பிக்கலாமா?

---

பற்றுவரவு

இப்படியே போனா ஆன்லைன் கேஒய்சில (அடையாளச் சரிபார்ப்புல) பெரும்பாலும் மாட்டும் சார். நம்ம ஊர்ப் பெயர்களுக்கு இது வாடிக்கையான பிரச்சினை. பான்ல கடைசிப் பெயர் இடத்துல இனிஷியலை ஏத்துக்க மாட்டாங்க, அப்பா பெயரை விரிச்சு எழுதியாகணும். அதனால ஆதாரை பான் மாதிரி மாத்துறதுதான் சுலபம். பெயர் விரிஞ்சு இருக்கிற பாஸ்போர்ட் மாதிரி ஒரு அடையாள ஆவணத்தோட ஆதார் மையத்துக்குப் போங்க. ஆதார்ல பெயரை ரெண்டே தடவைதான் மாத்தலாம், அதனால எழுத்துக்கூட்டல் பான்ல இருக்கிறபடியேவான்னு ஒவ்வொரு எழுத்தா பார்த்துட்டு ஒப்புதல் சொல்லுங்க.

16 வயசுல எடுத்த பான்ல போட்டோவும் கையெழுத்தும் இருக்காது. எண் அதேதான், திருத்த விண்ணப்பம் போட்டு ரெண்டையும் சேர்த்துப் புதுக் கார்டு வாங்கிடுங்க. அவங்க வங்கிக் கணக்கும் மைனரா இருந்தப்போ தொடங்கினதுன்னா, 18 ஆனதும் கிளைக்கு நேர்ல போய் அவங்க கையெழுத்து, போட்டோ கொடுத்து மேஜர் கணக்கா மாத்தணும். அதை விட்டிருந்தா எஃப்டி போடும்போதே நிக்கும்.

அப்படியே கிளையில அந்தக் கணக்குல எந்த மொபைல் நம்பர் இருக்குன்னு கேளுங்க. உங்க நம்பர்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அதை மகளோட நம்பரா மாத்தினப்புறம் விண்ணப்பிங்க. இல்லன்னா அவங்க ஹாஸ்டல்ல கார்டை வெச்சுக்கிட்டு நிப்பாங்க, ஓடிபி உங்க போனுக்கு வரும். நீங்க அதைப் படிச்சுச் சொல்வீங்க. ஓடிபியை போன்ல இன்னொருத்தர்கிட்ட சொல்ற பழக்கம் முதல் நாளிலேயே வந்துடக் கூடாது.

கார்டு எந்த முகவரிக்கு வரணும்னும் முன்கூட்டியே முடிவு பண்ணுங்க. ஹாஸ்டல் முகவரி போட்டு, கொரியர் வர்ற நேரம் அவங்க வகுப்புல இருந்தா திரும்பிப் போயிடும். வீட்டு முகவரின்னா, செமஸ்டர் லீவுக்கு அவங்க வர்ற வாரத்துல விண்ணப்பத்தை வெச்சுக்குங்க.